மூன்றாம் மாடிக் கையெழுத்து

பேனாவின் முனையைச் சட்டைக் காலரில் இரண்டு தடவை துடைத்துவிட்டுத்தான் நீட்டுவார். அழைப்பு மணியை அழுத்திய கை கீழே இறங்குவதற்குள் அடுத்த கை காதுமடலுக்குப் போய்ப் பேனாவை உருவிவிடும். கதவைத் திறந்தவர் பழக்கதோஷத்தில் ஆள்காட்டி விரலைப் போன் திரையருகே கொண்டுவந்தால் போச்சு. "விரலை உள்ள வைங்க சார். கையெழுத்துன்னா பேனாவாலதான் போடணும். விரலால போட்டா மண்புழு செத்துக் கிடக்கிற மாதிரி இருக்கும்" என்பார். பார்சலை எதிர்பார்த்து வாய் நிறையச் சிரிப்போடு வந்தவர், பரீட்சை ஹாலில் மாட்டிக்கொண்டவரைப் போலப் பேனாவை வாங்கி ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

கூரியர் வேலையில் இருபத்திரண்டு வருடம். வயது ஐம்பத்தொன்று. கிளை அலுவலகத்தில் எல்லோரும் "பேனாக்காரர்" என்கிறார்கள். இளவட்டங்கள் "ஊசி அண்ணன்" என்கிறார்கள். பழைய நாட்களில் கட்டம் போட்ட தாளில், நூல் கட்டிய பந்துமுனைப் பேனாவால் கையெழுத்து வாங்கியவர். கம்பெனி ஆளுக்கொரு போனைக் கொடுத்து, கண்ணாடி மேல் விரலால் போடச் சொல்லுங்கள் என்றபோது அவருக்கு மனசு ஆறவே இல்லை. சொந்தச் செலவில், கண்ணாடித் திரையில் எழுதுகிற ஒரு பேனா வாங்கினார். முதலில் வாங்கியதற்கு ரப்பர் தலை, மொத்தையாக இருந்தது. "இதுக்கு விரலே தேவலாம்" என்று தூக்கிப் போட்டார். அடுத்ததற்கு நுனியில் பொத்தான் அளவுக்கு ஒரு கண்ணாடி வட்டம். அது கழன்று சாக்கடையில் விழுந்தது. மூன்றாவதுதான் இப்போது இருப்பது. போனைப் போலவே சார்ஜ் போட வேண்டும், முனை சீவிய பென்சிலைப் போல் இருக்கும், அவருடைய போனிலும் எழுதும், அலுவலக மேசையில் இருக்கும் பெரிய டேப்லெட்டிலும் எழுதும். தேய்ந்தால் மாற்ற இரண்டு முனைகள் அடையாள அட்டை உறைக்குள் எப்போதும் இருக்கும்.

கூட வேலை செய்கிற பையன்கள், "அண்ணே, ஊசியைக் குடுங்க, பல்லு குத்திட்டுத் தரேன்" என்று வம்பிழுப்பார்கள். அதற்கு மட்டும் அவருக்கு நிஜமாகவே கோபம் வரும்.

கையெழுத்து விஷயத்தில் அவர் ஒரு பைத்தியம். அவருடைய தடத்தில் நானூறு வீடு என்றால் நானூறு கையெழுத்தும் மனப்பாடம். பல் டாக்டர் தன் பெயரைக் கடைசி எழுத்திலிருந்து ஆரம்பித்துப் பின்பக்கமாக ஓட்டுவார். உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர், கண்ணாடியை உடைத்துவிடுவார் போல் அழுத்துவார். அந்த வீட்டுக்குப் போகும்போது பழைய முனையை மாட்டிக்கொண்டு போவார் இவர். போன வருஷம் கல்யாணமாகி வந்த பெண், பழைய இனிஷியலைப் போட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு அழிப்பாள். "ஆறு மாசம் ஆகும் மாற. நான் பாத்திருக்கேன்" என்று மனைவியிடம் வந்து சொல்வார். மனைவி, "ஊரான் கையெழுத்தெல்லாம் தெரியுது. என் கையெழுத்தையும் நீங்களே எல்லா இடத்துலயும் போட்டுத் தள்ளிடுறீங்க. எப்படிப் போடுவேன்னு எனக்கே மறந்துடுச்சு" என்பாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரிப்பார்.

தப்பு அங்கேதான் இருந்தது. வீட்டில் ஆள் இல்லையென்றால் பார்சலைத் திரும்பக் கொண்டுபோக வேண்டும், மூன்று தடவை அப்படி ஆனால் கிளை அலுவலகத்தில் வைத்துவிட வேண்டும், வாங்க வேண்டியவர் அங்கே வந்து வரிசையில் நிற்க வேண்டும் என்பது கம்பெனி விதி. ஒருநாள் பல் டாக்டர் போனில், "ஏங்க இந்த அலைச்சல்? என் கையெழுத்தை நீங்களே போட்டு வாசல்ல வெச்சிட்டுப் போங்க" என்றார். போட்டார். டாக்டர் சாயங்காலம் அதைப் பார்த்துவிட்டு, "நானே போட்ட மாதிரி இருக்கேய்யா!" என்று வியந்தார். அந்த ஒரு வார்த்தை போதாதா? அடுத்த வருஷத்துக்குள், கேட்டவர்களுக்குப் போட்டது போய், கேட்காதவர்களுக்கும் போட ஆரம்பித்துவிட்டார். பார்சலை ஒரு மறைவான இடத்தில் வைப்பார், போனில் கூப்பிட்டு இடத்தைச் சொல்வார். யாருக்கும் நஷ்டமில்லை, எல்லோருக்கும் சௌகரியம். உதவி செய்கிறோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். முக்கால்வாசி உதவிதான். மீதிக் கால்வாசி என்ன என்று அவருக்கே தெரியும், சொல்லத்தான் மாட்டார்.

ஒரே ஒரு வீட்டில் அது நடக்கவில்லை. மூன்றாவது மாடியில் தனியாக இருந்த அம்மா. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்தகத்தில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மாத்திரையின் நிறத்தைச் சொன்னால் பெயரைச் சொல்வார், பெயரைச் சொன்னால் எதோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்று சொல்வார். "நீங்க வீட்ல இல்லேன்னா நானே போட்டுடறேம்மா" என்று இவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

"வேணாம் தம்பி. மருந்து குடுக்கிற இடத்துல ஒரு கையெழுத்து மாறினா ஒரு ஆளே போயிடுவான். என் பேருக்கு நான்தான் போடுவேன். இல்லேன்னா திருப்பி எடுத்துட்டுப் போங்க, நான் வந்து வாங்கிக்கறேன்" என்றார் அந்த அம்மா.

அவர் கையெழுத்து லேசில் பிடிபடாத கையெழுத்து. முழுப் பெயர், ஒரு எழுத்தையும் விழுங்காமல். கடைசி எழுத்தின் வால் திரும்பி வந்து மொத்தத்துக்கும் அடிக்கோடாக ஓடும். அதன் கீழே இரண்டு புள்ளி. புள்ளிகள் தவிர மற்றதெல்லாம் பேனாவை எடுக்காமல் ஒரே மூச்சில் வரும். பேனாக்காரர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போனில் அதைப் போட்டுப் பார்ப்பார், அழிப்பார், மறுபடி போடுவார். வால் திரும்புகிற இடத்தில் உதைக்கும். இருபது நாள் ஆயிற்று. வந்துவிட்டது. வந்த பிறகு கை சும்மா இருக்குமா?

லிஃப்ட் பழுதான ஒரு மழை நாள். மூன்று மாடி ஏறிப் போனால் வீடு பூட்டியிருந்தது. கையில் சின்னப் பெட்டி, மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து. இறங்கிப் போய் நாளைக்கு வரலாம். அவர் ஈரக் கையைத் துடைத்தார், பேனாவை எடுத்தார், ஒரே மூச்சில் போட்டார். அவ்வளவு அழகாக அது அதற்கு முன்னால் வந்ததே இல்லை. சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மாடிப்படித் திருப்பத்தில் இருந்த தீயணைப்புக் குழாய்ப் பெட்டியைத் திறந்து, சுருட்டிவைத்த குழாய்க்குப் பின்னால் பார்சலை வைத்தார். கீழே போய்க் கூப்பிடலாம் என்று நினைத்தார். கீழே வண்டியில் இருந்த மூட்டையின் மேல் உறை பறந்து, பதினெட்டுப் பார்சலும் நனைந்துகொண்டிருந்தன. அதைக் காப்பாற்றுகிற களேபரத்தில் போன் பண்ண மறந்துபோனார். அதற்குப் பிறகும் நினைவு வரவில்லை.

ஐந்து வாரம் கழித்து அதே வீட்டுக்கு வேறொரு பார்சலோடு போனார். கதவைத் திறந்தது மகன். வேறு ஊரிலிருந்து லீவு போட்டு வந்திருந்தான். சமையலறைச் சுவரில் துண்டுத் தாள்கள் ஒட்டியிருந்தன: அடுப்பை அணைத்தாயா, சாவி எங்கே, இன்று என்ன கிழமை. அந்த அம்மா பழைய கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, இன்னும் ஒல்லியாக, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மாவுக்கு ஞாபகம் தப்புதுங்க" என்றான் மகன், அவர் காதில் விழும்படியாகவே. "புதுக் கண்ணாடி வந்திருக்கு, வாங்கிக் கையெழுத்தும் போட்டிருக்காங்க. எங்க வெச்சாங்கன்னு தெரியல. வாங்கவே இல்லேன்னு சாதிச்சாங்க. கம்பெனிக்காரன் கையெழுத்தை அனுப்பினான், காட்டினேன். அப்புறம் பேச்சே இல்ல. இப்ப பாருங்க, சக்கரைக்கு உப்பைப் போடறாங்க, போன்ல தப்பு நம்பர் அமுக்கறாங்க. வேற கண்ணாடி வாங்கலாம்னா, வீட்ல ஒண்ணு இருக்கறப்ப எதுக்குன்னு ஒரே பிடிவாதம்."

கண் தெரியாமல்தான் உப்பு என்பது பேனாக்காரருக்கு உடனே புரிந்தது.

அந்த அம்மா தலையைத் தூக்கினார். "தம்பி, நீங்கதானே அன்னைக்குக் கொண்டுவந்திருப்பீங்க. நான் உங்க கையிலேருந்து வாங்கினேனா?"

அந்தக் கேள்வியில் குற்றம் சாட்டுகிற தொனி கொஞ்சம்கூட இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்போது சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்கும், அவ்வளவுதானே. ஆனால் அவர் வாய் அவருக்கு முன்னால் முந்திக்கொண்டது.

"ஆமாம்மா. நீங்கதான் வாங்கினீங்க."

"ஓ" என்றார் அந்த அம்மா. "அப்ப சரி."

வாய் கூசாமல் சொன்னார் என்று எழுத முடியாது, கூசியது. கூசிக்கொண்டேதான் சொன்னார். படியிறங்கும்போது கால் தானாகத் திருப்பத்தில் நின்றது. பெட்டியைத் திறந்தார். குழாய்க்குப் பின்னால் தூசி படிந்து அப்படியே இருந்தது பார்சல். அதைக் கையில் எடுத்தபோது அவருக்கு வந்தது நிம்மதி; அதைத்தான் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை என்கிறார். பொருள் கிடைத்துவிட்டது, இனிப் பிரச்சினை தீர்ந்தது, யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம் என்று கணக்குப் போட்டார். இரண்டு நாள் கழித்து ஏதோ ஒரு உறையைக் கொடுக்கிற சாக்கில் போய், அந்த அம்மா உள்ளே திரும்பிய நேரத்தில், தூசி துடைத்த பார்சலைச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டு வந்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டார்கூட.

அடுத்த வாரம் ஒரு ஆஸ்பத்திரி உறை அந்த முகவரிக்கு வந்தது. கையெழுத்து வாங்கியே தீர வேண்டிய உறை. மூன்று மாடியும் ஏறிப் போனால், ஹால் முழுக்க அட்டைப்பெட்டிகள். புத்தகங்கள் ஒரு பெட்டியில், பாத்திரங்கள் ஒரு பெட்டியில். அந்த அம்மா புதுக் கண்ணாடி போட்டிருந்தார்.

"கிடைச்சிடுச்சு தம்பி!" என்றார் சிரித்துக்கொண்டே. சிரிப்பு நிற்கவில்லை, அதுவே பார்க்கச் சங்கடமாக இருந்தது. "செருப்புக்குப் பின்னாடி. பிரிக்கக்கூட இல்ல. நானேதான் வெச்சிருக்கேன். அந்த இடத்துல நான் ஜென்மத்துல ஒரு பொருளை வெக்க மாட்டேன். அப்படியும் வெச்சிருக்கேன் பாருங்க."

"ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றான் மகன். "இனிமே தனியா விட முடியாது. இந்த வீட்டைக் குடுத்துடப் போறோம். இந்த உறைதான் அந்த ஞாபகசக்தி டெஸ்ட் ரிப்போர்ட்டா? கையெழுத்துப் போடும்மா."

பேனாக்காரர் முனையைத் துடைக்க மறந்து பேனாவை நீட்டினார். அந்த அம்மா வாங்கினார். போன் திரைமேல் கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"டேய், நான் போடறதை ஒரு போட்டோ எடுத்து வை" என்றார் மகனிடம். "நாளைக்கு நான் போடவே இல்லேன்னு சொன்னா எனக்குக் காட்டு. கையைப் பிடிச்சு எடு, முகமும் தெரியணும்."

மகன் போனைத் தூக்கினான். அந்த அம்மா முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி, பேனாவைப் பிடித்தபடி, படமெடுக்கத் தோதாக அசையாமல் காத்திருந்தார். தன்னையே நம்ப முடியாத ஒரு மனுஷி, தனக்கு எதிராகத் தானே சாட்சி தயார் பண்ணிக்கொண்டிருந்தார். அதைச் செய்யவைத்தவன் எதிரில் சீருடை போட்டுக்கொண்டு நின்றான்.

"அம்மா, ஒரு நிமிஷம்" என்று பேனாக்காரர் பேனாவை அவர் விரல்களுக்கிடையிலிருந்து எடுத்தார். போனைத் தன் பக்கம் திருப்பிக் கையெழுத்துப் போட்டார். முழுப் பெயர், ஒரு எழுத்தும் விழுங்காமல். வால் திரும்பி அடிக்கோடாக ஓடியது. கீழே இரண்டு புள்ளி. போட்டுவிட்டு அவர்களைப் பார்க்கத் திருப்பிவைத்தார்.

மகனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. "என்ன இது? நீங்க எப்படி..."

"அன்னைக்குப் போட்டதும் நான்தான் சார்."

அந்த அம்மா போனைக் கையில் வாங்கிக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளிவைத்துப் பார்த்தார். "அழிச்சிட்டு இன்னொரு தடவை போடுங்க" என்றார். அழித்துவிட்டுப் போட்டார். அந்த அறையில் அதைவிட அவமானமான வேலை இன்னொன்று இருந்திருக்க முடியாது. அதையும் கை பிசகாமல்தான் செய்தது. அந்தக் கையை வெட்டிப் போட்டால் தேவலாம் போல் இருந்தது அவருக்கு.

"பெட்டி?" என்றார் அந்த அம்மா.

"குழாய்ப் பெட்டிக்குள்ள வெச்சிட்டு, உங்களைக் கூப்பிட மறந்துட்டேம்மா. செருப்புக்குப் பின்னாடி வெச்சதும் நான்தான்."

மகன் கத்த ஆரம்பித்தான். கம்பெனி, போலீஸ் என்று என்னென்னவோ சொன்னான். எல்லாமே நியாயம். அந்த அம்மா அதைக் கேட்டமாதிரியே தெரியவில்லை. பாத்திரப் பெட்டியின் மேல் மெல்ல உட்கார்ந்தார். வாய்க்குள்ளே ஏதோ ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார், அடுத்தது, அதற்கடுத்தது. எட்டு, பத்துப் பெயர்கள், தடுக்காமல். சொல்லி முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அழுகிறாரா என்று பேனாக்காரர் பார்க்கத் துணியவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்லடா" என்றார் மகனிடம். பிறகு இவர் பக்கம் திரும்பினார். "கையெழுத்தைப் போட்டீங்க, சரி. மறந்துட்டீங்க, சரி. நான் வாய் விட்டுக் கேட்டேனே தம்பி. ஆமாம்மான்னு சொன்னீங்களே."

பேனாக்காரர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார், அந்த அம்மா சொன்ன இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மென்று முழுங்கிவிட்டார்.

மகன் புகார் எழுதிக் கொடுப்பதற்கு முன்பே அவர் தானாகக் கிளை மேலாளரிடம் போய் ஒப்புக்கொண்டார். மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எத்தனை வீட்டுக்குய்யா போட்டிருக்க?" "எண்ணல சார்." "எண்ணலியா!" இருபத்திரண்டு வருஷத்தைப் பார்த்து வேலையைவிட்டு அனுப்பவில்லை. தடத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். இனித் தெருவுக்குப் போகக் கூடாது. அலுவலகத்திலேயே, ஆட்கள் வந்து வாங்கிப்போகும் ஜன்னலில் நிற்க வேண்டும். ஊசி அண்ணன் என்று யாரும் கூப்பிடுவதில்லை இப்போது. கூப்பிட்டால்கூடத் தேவலாம் என்று இருக்கிறது அவருக்கு. பையன்கள் அவர் இருக்கும்போது கையெழுத்தைப் பற்றிய பேச்சையே எடுப்பதில்லை. அந்த மரியாதைதான் உள்ளே போய்க் குத்துகிறது.

ஜன்னலில் வேலை சுலபம். பெயர் கேட்பார், உள்ளே போவார், பார்சலைக் கொண்டுவருவார், டேப்லெட்டை எதிராளி பக்கம் திருப்பி வைப்பார், பேனாவைக் கொடுப்பார். கொடுத்ததும் அப்படியே திரும்பி, சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். சுவரில் ஒரு சுவிட்ச் பலகை தவிர ஒன்றும் கிடையாது. முதலில் வருகிறவர்கள் திகைப்பார்கள். "என்னங்க, போடலாமா?" என்பார்கள். "போடுங்க. போட்டுட்டு அந்தப் பச்சைப் பொத்தானையும் நீங்களே அமுக்கிடுங்க" என்பார் சுவரிடம். ஒரு கையெழுத்தைப் பார்த்துவிட்டால் அது கண்ணில் ஒட்டிக்கொள்கிறது, பிறகு கைக்கு இறங்கிவிடுகிறது, அதற்கு மேல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று மனைவியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் வரிசையில் மூன்றாவது ஆளாக அந்த அம்மா நின்றார். மகன் திரும்பிப் போய்விட்டான். அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பழையபடி அடுக்கிவிட்டாராம். வீட்டு வாசலில் யாரும் எதுவும் கொண்டுவந்து தர வேண்டாம் என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி, தானே வந்து வாங்கிப் போகிறார். முறை வந்தது. பெயரைச் சொன்னார், தெரியாத ஆளிடம் சொல்வதைப் போல. இவரும் தெரியாத ஆளைப் போலவே உள்ளே போய்ப் பார்சலைக் கொண்டுவந்து வைத்தார். பேனாவை நீட்டினார். திரும்பிக்கொண்டார்.

கண்ணாடியில் முனை உரசுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி இரண்டு தட்டல், புள்ளிகள்.

"போட்டுட்டேன்" என்றார் அந்த அம்மா. பேனாவைக் கீழே வைக்கிற சத்தம் வரவில்லை. வரிசையில் பின்னால் யாரோ செருமினார்கள். "சரியா இருக்கான்னு பாருங்க தம்பி. உங்களுக்குத்தான் நல்லாத் தெரியுமே."

அது கேலியா, கோபமா, மன்னிப்பா என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்திருக்கும்.

"சரியாத்தாம்மா இருக்கும்" என்று சுவிட்ச் பலகையைப் பார்த்தபடியே சொன்ன பேனாக்காரர், திரும்பாமல், கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் நீட்டிப் பேனாவுக்காக விரித்தார்.